பேட்டரிக்குக் கேழ்வரகு

1955, ஆடி மாதம், புதன்கிழமை. மத்திகிரி.

வாசகசாலை ரேடியோவின் பேட்டரி தீர்ந்துவிட்டது. புதிது வாங்க வீட்டுக்கு ஒரு படி கேழ்வரகு கேட்டு இன்று தெருத் தெருவாக அலைந்தேன். பேட்டரி போடாவிட்டால் சர்க்கார் ரேடியோவை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுமாம். பேசவே கூசும் என்னை வாசகசாலைக் கமிட்டியார் அனுப்பினார்களே, அவர்களைச் சொல்ல வேண்டும். பி.ஏ. படித்த பெண் கேட்டால் மறுக்க மாட்டார்களாம்.

"அது தமிழ்ல பேசுது கண்ணு. நாங்க வீட்ல சண்டையே தெலுங்குலதான் போடறோம்" என்றார் முனியப்பாவின் மனைவி. அடுத்த வீட்டு கௌடர், கன்னடம் பேசும் மைசூர் ஸ்டேஷன் வைத்தால் இரண்டு படி தருவதாகச் சொன்னார். சரி, வைக்கிறோம் என்றேன். "அறுப்பு ஆகட்டும், பாக்கலாம்மா" என்றார்.

இருட்டியதும் கேழ்வரகு தராத அத்தனை பேரும் வந்து ஊமை ரேடியோவின் முன்னால் உட்கார்ந்தார்கள். "ஏம்மா, இன்னிக்கி நியூஸ் இல்லயா?" என்று என்னையே கேட்டார்கள். வந்த எரிச்சலில் பத்திரிகையை எடுத்து உரக்க வாசித்தேன். தெலுங்கிலும் சொன்னேன், எனக்குத் தெரிந்த அரைகுறைக் கன்னடத்திலும் சொன்னேன்.

முடித்ததும் கௌடர் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "இதுவே நல்லா புரியுது. பேட்டரி எதுக்கு வீணா? நாளைக்கி கொஞ்சம் முன்னாடியே வந்துரும்மா."

எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டித் தொலைத்தேன்.