மண்டபத்திலிருந்து வந்த டிரம்

புரட்டாசி, சனிக்கிழமை.

தொட்டியில் வளர்க்கக் கடல் மீன் வாங்க மண்டபம் கடற்கரைக்குப் போன மச்சினன் இன்றுதான் வந்தான். இடஒதுக்கீட்டுப் போராட்டக்காரர்கள் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டதால், வண்டி உளுந்தூர்பேட்டையிலேயே இரண்டு நாள் நின்றுவிட்டதாம். டிரம்மைத் திறந்தேன். ஒன்றுகூட உயிரோடு இல்லை.

"தண்ணி சூடாயி, மீனெல்லாம் வாயத் தொறந்துக்கினு மேல வந்துச்சி மாமா. பம்புசெட்டுல கெஞ்சிக் கேட்டு, பழசக் கொட்டிட்டு, ஜில்லுனு புதுத் தண்ணி ரொப்பினேன். கொஞ்ச நேரத்துல அடங்கிடுச்சி. தூங்குதுன்னு நெனச்சேங்க."

உப்பில்லாத தண்ணீரில்தான் செத்தன. வெயிலில் செத்திருக்கும் என்றுதான் அவனிடம் சொன்னேன்.

அந்த இரண்டு நாளும் டிரம்முக்கு நிழலாகச் சட்டையைக் கழற்றிப் போட்டிருக்கிறான். வெந்துபோன முதுகில் அவன் அக்கா எண்ணெய் தடவுகிறாள். "அடுத்த தபாவும் நானே போறேன் மாமா" என்கிறான்.

மணல் பரப்பி, பவளப்பாறை அடுக்கிய ஆறடித் தொட்டியில் காற்று மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பான். ஓடட்டும்.