தொட்டிக்கு இந்தப் பக்கம்

மார்ச் 4

குழாய் ரிப்பேர்காரர் வேலையோடு வேலையாகக் கேட்டார்: "பக்கத்து வீட்டம்மா மாசக் கடைசியில மகன்கிட்டயே போயிடுறாங்களாமே?"

பக்கத்து வீட்டம்மா என் அக்கா. கூடப் பிறந்தவள். மூன்று வருஷமாகப் பேச்சு இல்லை. "தெரியுமே" என்றேன். விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை. மீசையே இல்லாதது எவ்வளவு வசதி.

மார்ச் 5

தொட்டிக் கண்ணாடியில் இருக்கும் பெயின்ட்டைச் சுரண்ட ஆரம்பித்திருக்கிறேன்.

அப்பாவின் வீட்டைப் பிரித்துக் கூடத்தின் நடுவே சுவர் எழுப்பியபோது, மீன் தொட்டியை மட்டும் நாங்கள் இருவருமே விட்டுக்கொடுக்கவில்லை. கொத்தனார் தலையில் அடித்துக்கொண்டு அதைச் சுவருக்குள்ளேயே பதித்தார். அவளுக்கு ஒரு பக்கம் கண்ணாடி, எனக்கு ஒரு பக்கம். மேல்மூடியும் அப்படியே, இரண்டு பக்கமும் திறக்கும். அவள் எங்கே தீனி போட்டிருக்கப் போகிறாள் என்று நான் போடுவேன். நான் எங்கே போட்டிருக்கப் போகிறேன் என்று அவள் போடுவாள். மீன்கள் தின்றே செத்தன. தண்ணீர் சாக்கடையாகிவிட்டது. "நீதான் கொன்னே" என்றாள். நானும் அதையேதான் சொன்னேன். அந்தத் தண்ணீரை யார் கொட்டுவது என்பதற்கு இன்னொரு சண்டை. கேட்டுக்கு அடித்தது போக மிஞ்சிய வெள்ளை பெயின்ட்டை எடுத்து, என் பக்கத்துக் கண்ணாடியில் அப்பினேன்.

"எதுக்கு இப்போ இதெல்லாம்?" என்றார் வீட்டுக்காரர்.

"அழுக்கா இருக்கு."

"மூணு வருஷமா அழுக்காத்தானே இருந்துச்சு?"

இந்த மனுஷருக்கு வருஷத்தில் ஒரு தடவைதான் மூளை வேலை செய்யும். அது இன்றைக்கா செய்ய வேண்டும்?

மார்ச் 6

கட்டை விரலை பிளேடு கிழித்துவிட்டது. பெயின்ட் நகரவில்லை.

மார்ச் 8

வெந்நீரில் சோப்பைக் கரைத்து, துணியை நனைத்து ஒட்டி ஊறவைத்தேன். பிளேடைச் சாய்த்துப் பிடித்தால் தோல் உரிகிற மாதிரி வருகிறது. உள்ளங்கை அகலத்துக்குக் கண்ணாடி தெரிந்ததும் கண்ணை வைத்துப் பார்த்தேன். உள்ளே வற்றிப்போன தொட்டி, கூழாங்கல், அதற்கு அப்பால் —

கறுப்பு பெயின்ட். அவள் பக்கம் முழுக்க.

அடிப்பாவி. அந்தக் கலங்கல் தண்ணீரில் அப்போது எனக்குத் தெரியவே இல்லை. என் வெள்ளையைத் தினமும் பார்த்து அவள் வயிறு எரிவாள் என்று மூன்று வருஷமாக நிம்மதியாகத் தூங்கினேனே. அவளும் தன் கறுப்பை வைத்து அப்படித்தான் தூங்கியிருப்பாள். எதிரிக்குச் சகுனத் தடை என்று இரண்டு பேரும் மூக்கை அறுத்துக்கொண்டிருக்கிறோம், அதுவும் ஒருத்திக்கு ஒருத்தி தெரியாமல். சிரித்தேன். சிரிப்பு எங்கே அழுகையானது என்று தெரியவில்லை.

மார்ச் 9

"போய்ப் பேசேன்" என்கிறார் இவர். மூத்தவள் வரட்டுமே. வரமாட்டாள். முதலைக்குக்கூடப் பிடியை விடச் சொல்லிக் கொடுத்தால் விடும், எங்கள் வம்சம் விடாது.

அவள் போகக்கூடாது. எழுதிவிட்டேன். போதும்.

மார்ச் 12

போனேன். கையில் வாளி, பிளேடு.

கதவைத் திறந்து மேலும் கீழும் பார்த்தாள். இளைத்திருக்கிறாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு என் அக்கா என்னிடம் பேசிய முதல் வார்த்தை: "பிளேடோட வந்திருக்கே. கொல்லவா?"

"தொட்டியை விக்கப் போறேன். என் பக்கத்துப் பெயின்ட்டைச் சுரண்டியாச்சு, உன் பக்கமும் சுரண்டணும்." வாய்க்கு வந்த பொய்.

"நீ சுரண்டினா கண்ணாடியில கீறல் விழும். உன் கை லட்சணம் எனக்குத் தெரியாதா? நான் ரெண்டு கோட்டிங் அடிச்சிருக்கேன். நீ ஒண்ணுதானே அடிச்சே?"

"ஒண்ணுதான்."

"அதானே பார்த்தேன்" என்று பிளேடைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உட்காரச் சொல்லவில்லை. பிளேடைத் திருப்பித் தரவும் இல்லை.

மார்ச் 13

சுவருக்கு அந்தப் பக்கம் சுரண்டுகிற சத்தம். வீட்டுக்காரரை டீவியை நிறுத்தச் சொன்னேன்.

மார்ச் 16

கறுப்பில் ஓட்டை விழுந்து ஒரு கண் தெரிந்தது. பிறகு மூக்கு, அப்புறம் வாய். மூடியைத் தூக்கிக் கேட்டாள்: "சோபாவை ஏன் ஜன்னலுக்கு எதிர்ல போட்டிருக்கே? வெளிச்சமே வரலை பாரு."

"என் வீடு, என் சோபா" என்றேன். சாயங்காலம் நகர்த்திவிட்டேன்.

மார்ச் 24

தண்ணீர் நிரப்பி நாலு மீன் விட்டிருக்கிறோம். விற்கிற பேச்சை அவளும் எடுக்கவில்லை. புதுத் தண்ணீர், பால் கலந்த மாதிரி கலங்கிக் கிடக்கிறது.

மார்ச் 30

லாரி வந்து அவள் கட்டில், பீரோ, டீவி எல்லாவற்றையும் மகன் வீட்டுக்கு ஏற்றிக்கொண்டு போனது. நான் வெளியே போய் நிற்கவில்லை. சமையலறையில் ஏற்கெனவே கழுவிய பாத்திரத்தைத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் 19

அக்கா போகவில்லை. வெறும் தரையில் பாய் விரித்து உட்கார்ந்து, மீன்களுக்கு நடுவே எங்கள் டீவியில் சீரியல் பார்க்கிறாள். நான் குறுக்கே போனால் கண்ணாடியைத் தட்டுகிறாள். என் நைட்டி கிழிந்திருப்பதைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறாள். இவர் பனியனோடு கூடத்துக்கு வரவே பயப்படுகிறார்.

மகன் தினமும் போனில் கேட்கிறானாம், எப்போம்மா வர்றே என்று. "தொட்டித் தண்ணி தெளியட்டும்டா, வந்துடுறேன்" என்று இன்றைக்கும் சொன்னாள். மூடி திறந்திருந்ததால் எனக்குக் கேட்டது.

தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.