காலியாக இருந்த ஆணி

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம், என் முழங்கால் நீங்கலாக. நீயும் மருமகளும் சுகமாகத்தான் இருப்பீர்கள், உடம்புக்கு வந்தால்தானே உனக்கு என் போன் நம்பர் ஞாபகம் வரும். கூரை அப்படியே ஒழுகுகிறது, கொத்தனார் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி மூன்று மாதம் ஆகிறது, அவருக்கு நாளை என்பது தனிக் கிழமை போலிருக்கிறது. மருமகள் சமைத்தால் நீ பாத்திரமாவது கழுவிக் கொடு, கை தேய்ந்துவிடாது.

சுரங்க விபத்தில் செத்தவர்களுக்குப் புதுக் கல் வைக்கிறார்கள், புத்தகமும் போடுகிறார்கள் என்று நான் சொன்னதும் நீ எழுதி அனுப்பிய குடும்ப வரலாறு வந்து சேர்ந்தது. "பிறரைக் காக்கப் போய்த் தீரத்தோடு உயிர்நீத்த என் சின்னத் தாத்தா" என்று எழுதியிருக்கிறாய், பக்கத்தில் நின்று பார்த்தவன் மாதிரி. அந்தத் தியாகி இப்போது முன்னறையில் உட்கார்ந்து குழம்பில் உப்பு இல்லை என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். ஆமாம், பிறந்ததிலிருந்து நீ தாத்தா என்று கூப்பிடுகிறவர்தான் உன் சின்னத் தாத்தா, என் சித்தப்பா. செத்தது அவருடைய அண்ணன், என்னைப் பெற்ற அப்பா. உன்னிடம் சொல்லாதது என் தப்புதான், நாற்பத்தாறு வருஷம் மூடிப் பழகிய வாய் லேசில் திறக்கவில்லை.

சுரங்கத்தில் இறங்குகிறவன் வாசல் பலகையிலிருந்து தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும், மேலே வந்ததும் மறுபடி ஆணியில் மாட்ட வேண்டும். ஆணி காலி என்றால் ஆள் கீழே இருக்கிறான். அன்றைக்குச் சித்தப்பாவுக்குப் பல்வலி, கன்னம் வீங்கிக் கண்ணே தெரியவில்லை. அந்த மாதம் ஏற்கெனவே இரண்டு நாள் மட்டம் போட்டிருந்தார், இன்னொரு நாள் என்றால் வேலை போய்விடும். என் அப்பாவுக்கு அன்று வார லீவு, தம்பியின் டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். இதில் தீரமும் இல்லை, தியாகமும் இல்லை. எல்லா வீட்டிலும் நடந்ததுதான், கரி அப்பிய முகத்தில் யார் அண்ணன் யார் தம்பி என்று மேஸ்திரிக்கு என்ன தெரியும். மத்தியானம் உள்ளே தீப்பிடித்தது. தீ பரவக்கூடாது என்று கம்பெனிப் புண்ணியவான்கள் சுரங்க வாயை அடைத்துவிட்டார்கள், உள்ளே இருந்த பதினேழு பேரையும் ஒரு வார்த்தை கேட்காமலே. ஒரு உடல்கூட வெளியே வரவில்லை. பிறகு பலகையில் காலி ஆணிகளைப் பார்த்துச் செத்தவர் பட்டியல் எழுதினார்கள். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வீட்டில் இருந்தபடியே சித்தப்பா செத்துப்போனார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவர் கிளம்பத்தான் செய்தார், என் அம்மாதான் காலில் விழாத குறையாகத் தடுத்தாள். டோக்கன் மாற்றியதற்கு அவர் வேலை போகும், அப்பா இல்லை என்று ஆனால் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸும் போகும், மூன்று பிள்ளைகளோடு தெருவில் நிற்க வேண்டியதுதான். அதனால் சித்தப்பா என் அப்பாவின் டோக்கனை எடுத்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார், ரிட்டையர் ஆகும்வரை என் அப்பாவாகவே இறங்கி ஏறினார். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும், அவரவர் வீட்டிலும் மாற்றின டோக்கன் இருந்ததால் வாயைத் திறக்கவில்லை. எங்களுக்கு உத்தரவு, வாசற்படியைத் தாண்டினால் அப்பா, உள்ளே வந்தால் சித்தப்பா. ஒன்பது வயதில் நான் படிக்கு உள்ளேதான் அழ வேண்டும், வெளியேதான் அப்பா உயிரோடு இருந்தாரே. அவருக்குக் கல்யாணமும் நடக்கவில்லை, செத்தவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள், ரெக்கார்டில் உயிரோடு இருப்பவனுக்கோ மூன்று பிள்ளை. வருஷா வருஷம் தன் பெயர் வெட்டிய கல்லின் முன்னால் கைகட்டி நின்று, தனக்கே இரங்கல் கேட்டுவிட்டு வருவார். இந்தப் பாக்கியம் யாருக்குக் கிடைக்கும்.

போன வாரம் நீ எழுதியதை அவருக்குப் படித்துக் காட்டினேன். சிரிப்பார் என்று நினைத்தேன், எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு உண்மையைச் சொல்லக் கம்பெனி ஆபீஸுக்குக் கிளம்பிவிட்டார். பென்ஷனை நிறுத்திவிடுவார்கள் என்று பயமுறுத்தினேன். "செத்தவனுக்கு எதுக்கு பென்ஷன்? புதுக் கல்லுலயாவது அண்ணன் பேரு இருக்கட்டும்" என்றார். ஆபீஸில் குமாஸ்தா, செத்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டார். "தம்பி, கல்லுல இருக்கிற பேரு என்னோடது, ஆனா நான் சாகல" என்றார் இவர். அந்தக் குமாஸ்தா பேனாவை வைத்துவிட்டு, பெரியவருக்கு மாத்திரை ஏதாவது கொடுக்கிறீர்களா என்று என்னிடம் விசாரித்தார். எல்லாவற்றையும் சொல்லி முடித்து, சொந்தப் பெயரில் கையெழுத்துப் போடச் சொன்னபோது இவர் கை தானாக அண்ணன் பெயரை எழுதியது. இரண்டு படிவம் வீண். கடைசியில் ஒரு துண்டுக் காகிதத்தில் அவர் பெயரை நான் எழுதிக் காட்டினேன், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் பார்த்து எழுதினார். எனக்குத் தாங்கவில்லை, அத்தனை பேர் முன்னால் அழுதுவிட்டேன்.

விசாரித்துச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள், நாற்பத்தாறு வருஷமாக விசாரிக்காதவர்கள். அடுத்த மாதம் கல்லில் பெயர் வெட்டுகிறார்கள், அதற்குள் குடும்பத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதிக் கொடுத்தால்தான் மாற்றுவார்களாம். நீ உன் தீரத்தையெல்லாம் அடித்துவிட்டு, தம்பிக்குப் பல்வலி, அதனால் அண்ணன் போனார் என்று மட்டும் எழுதி, பதினைந்தாம் தேதிக்குள் கிடைக்கிற மாதிரி அனுப்பு. உன் வழக்கப்படி பதினாறாம் தேதி ஞாபகம் வந்து பிரயோஜனம் இல்லை.

நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும், அவரவர் பெயரிலேயே இருக்க வேண்டும். இனிமேல் வீட்டுக்குக் கடிதம் போட்டால் ரிஜிஸ்டர் தபாலில், உறையில் சின்னத் தாத்தாவின் சொந்தப் பெயரை எழுதிப் போடு. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லையே என்று தபால்காரர் திருப்பிக் கொண்டுபோகப் பார்ப்பார். நான் எழுந்து போக மாட்டேன், அவரே வாசலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா