எஸ்தர் தட்டிய கலப்பை

நவம்பர், ஞாயிறு இரவு

என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஜெபராஜ் என் டிராக்டரைச் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை ஏலத்துக்குக் கொடுத்துவிட்டான். பெற்ற மகன் செய்த காரியம் இது.

முழங்கை நீளம்கூட இல்லாத வண்டி. பூதிகோட்டையில் ஓடாமல் நின்ற பழைய டிராக்டரை அளந்து, தகரத்தில் நான் செய்தது. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பும். பின்னால் வட்டத் தட்டுக் கலப்பை. அந்தத் தட்டுகளை என் மனைவி எஸ்தர்தான் குழிக்கரண்டியில் வைத்துத் தட்டிக் குழித்தாள். அவள் கர்த்தரிடம் போன பிறகு வீட்டில் அவள் கைவேலை என்று மிஞ்சியது அது ஒன்றுதான்.

பூசணிக்காய்க்கும் சேவலுக்கும் நடுவில் அதைத் தூக்கிக் காட்டினார்கள்.

"இன்னா தாத்தா, செஞ்சவரே கேக்கலன்னா வண்டி ஓடாதுன்னு நெனச்சிக்குவாங்க!" என்று ஏலம் விட்டவர் சிரித்தார்.

"எம் பொருள நானே எதுக்குய்யா ஏலம் கேக்கணும்?" என்றேன். பங்காருபேட்டைக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கர்த்தருக்குத்தானப்பா குடுத்தேன். நீங்க வேற ஒண்ணு செஞ்சிக்க மாட்டீங்களா?" என்றான் ஜெபராஜ்.

டிராக்டர் செய்துவிடுவேன். தட்டுகளை யார் தட்டுவது?

விடிந்ததும் ஜெபராஜ் பங்காருபேட்டைக்குப் போக வேண்டும். பாஸ்டரும் கூடப் போய்ப் பேச வேண்டும். ஏலத்தில் எடுத்தவர் தர மாட்டேன் என்றால் டிராக்டரை அவரே வைத்துக்கொள்ளட்டும், கலப்பையை மட்டும் வாங்கி வர வேண்டும். பின்னாலிருக்கும் ஆணியை உருவினால் தனியாக வந்துவிடும். இதை ஜெபராஜிடம் மருமகள் சொல்லட்டும். நான் அவனோடு பேச மாட்டேன்.