மிச்சம் நான்கு நாள்

செப்டம்பர் 4
மருத்துவக் காப்பீடு மறுபடி ஏறிவிட்டது. ஓய்வூதியத்தில் ராஜா ராணி மாதிரி வாழலாம் என்றுதான் இவர் இந்த நாட்டுக்குக் கூட்டிவந்தார். வாடகை சல்லிசுதான். விசா, காப்பீடு, விமானம்? சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

செப்டம்பர் 9
ஊரில் அக்காவுக்கு இருபதாம் தேதி இடுப்பு ஆபரேஷன். தனிக்கட்டை. மூன்று வாரம் துணைக்கு இருக்கிறேன் என்றேன். இவர் சமையலறைக் காலண்டரைக் காட்டினார். இந்த ஆண்டில் நூற்று எண்பத்து மூன்று நாள் அங்கே இருந்துவிட்டால் என் ஓய்வூதியம் முழுவதற்கும் அங்கே வரியாம். ஜூன் கடைசி வரை அங்கேதானே இருந்தோம்! மிச்சம் நான்கு நாள்.

"நாலு நாள் பாத்துட்டு வந்துடு. அப்புறம் நர்ஸ் இருப்பாங்க."

முப்பத்து நான்கு வருடம் வரி அலுவலகத்தில் நாற்காலி தேய்த்த மனிதர். கூடப் பிறந்தவளுக்கும் ரேஷன். சீ.

செப்டம்பர் 10
நான் ஏன் தலையாட்டினேன்?

செப்டம்பர் 24
நேற்று திரும்பினேன். கிளம்பும்போது அக்கா, "அதுக்குள்ளயா?" என்றாள். இன்னும் கால்கூட ஊன்றவில்லை அவள். வேலை இருக்கிறது என்று பொய் சொன்னேன். ஓய்வு பெற்றவளுக்கு என்ன வேலை? விமான நிலையத்தில் இவர், "கரெக்டா நாலு நாள்" என்றார், பரீட்சையில் தேறியவர் மாதிரி.

அக்டோபர் 6
அக்கா குளியலறையில் விழுந்துவிட்டாள். உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தாளாம். பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைத்துத் தூக்கியிருக்கிறார். மறுபடி ஆபரேஷன். ஐயோ, நான் இருந்திருந்தால் —

அக்டோபர் 8
ஆடிட்டர் போன் செய்தார், இவர் ஸ்பீக்கரில் போட்டார். போய் இறங்கும் நாளும், கிளம்பும் நாளும் கணக்கில் சேருமாம். இவர் இரண்டையும் விட்டுவிட்டார். ஜூனில் கிளம்பியது, ஆகஸ்டில் வீட்டுப் பத்திரத்துக்காகப் போய்வந்தது, எல்லாம் சேர்த்தால் அக்காவின் ஆபரேஷனுக்கு முதல் நாளே வரம்பு தாண்டியாச்சு. மூன்று மாதமே இருந்திருந்தாலும் அதே வரிதான். அப்போ நான் எதுக்குடா திரும்பி வந்தேன்?

"ரூல மாத்திட்டாங்க போல" என்றார் இவர்.

"சார் காலத்துலயும் இதே ரூல்தான்" என்றார் ஆடிட்டர்.

அந்த இரண்டு நாளை விட்டதற்காக ஊரில் எத்தனை பேருக்கு நோட்டீஸ் அனுப்பியவர்! இவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருக்கிறது. என் முகத்தையும்தான்.

நவம்பர் 2
இவர் போன் செய்தார். துணி துவைக்கும் மெஷினை எப்படிப் போடுவது என்று கேட்டார். சொன்னேன். எப்போது வருகிறாய் என்று கேட்டார். டிக்கெட் எடுக்கவில்லை என்றேன்.

அக்கா குளிக்கிறாள். கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். தாழ்ப்பாள் போட விடவில்லை.