கலங்கி வந்த பை

அன்பு மகள் சந்தமாலிக்கு, மும்மணிகளின் காவல் உன்மேல் இருக்கட்டும். ஜோர்தானில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு தையல் ஆலைக்குப் போ. நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், ஆனால் வயிறு எரிகிறது. போனில் சொன்னால் அம்மா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

போன திங்கட்கிழமை, சிறுநீரகத்துக்குப் பதிலாக அம்மாவின் வயிற்றில் குழாய் வழியே விட்டு வடிக்கிற தண்ணீர், பையில் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கி வந்தது. எப்போதும் பைக்குப் பின்னால் பேப்பரை வைத்தால் எழுத்துத் தெரியும், அன்றைக்குத் தலைப்புக்கூடத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபம்! ஒரு நாளைக்கு நாலு தடவை பை மாற்றுகிறோம், சன்னலைச் சாத்தி, முகமூடி கட்டி, விரல் விரலாகச் சவுக்காரம் போட்டு. பிறகு யார் செய்த வேலை இது? முதலில் உன் பெரியம்மாதான் நினைவுக்கு வந்தாள். போன வாரம் செவ்விளநீர்க் குலையோடு வந்து நின்றாள். சிறுநீரகம் போனவளுக்கு இது ஆகாது என்றேன், நாப்பது வருஷமா நான் குடிக்கிறேன், செத்தா போயிட்டேன் என்கிறாள். குலையை மாட்டுக்கு வெட்டிப் போட்டேன், அந்த மாடு ருசி கண்டு இப்போது பக்கத்துத் தோட்டத்துக்குப் போகிறது, அது தனிக்கதை. அடுத்து, நான் வயலில் இருக்கும்போது மத்தியானப் பையை மாற்றுகிற பக்கத்து வீட்டுக் குசுமலதா. ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று நாள் அதைப் பழகி வந்தவள் அவள், நான் வயலில் நெல் சூடடிப்பு என்று போகாமல் அவளைப் பார்த்தே பழகினேன். இருந்தும் அவளைத்தான் பிடித்தேன். கோழிக்குத் தீனி போட்ட கையோட வந்தியா என்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன். அவள் முகமூடியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, இனிமே நீங்களே பாத்துக்கங்கண்ணா என்று போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் கிருமி என்று மருந்து போட்டார்கள். இன்னொரு தடவை கலங்கினால் குழாயை எடுத்துவிடுவார்களாம், பிறகு மெஷினில் இரத்தம் சுத்தம் செய்ய வாரம் மூன்று நாள் அனுராதபுரம். இரண்டு பஸ் மாறி அம்மா எப்படிப் போவாள்? அங்கிருந்த தாதி மிஸ்ஸியிடம் எல்லார் குற்றத்தையும் கொட்டினேன். நீங்க எப்பிடி மாத்துவீங்க, செஞ்சு காட்டுங்க மாமா என்றாள். கழுவினேன், துடைத்தேன், குழாய் மூடியைத் திறக்கப் போனேன், மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். அதில் கட்டியிருந்த பிரித் நூலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இந்த அழுக்குத் தண்ணியத்தான் மாமா உள்ள விட்டிருக்கீங்க என்றாள். மகள் கட்டி மூன்று வருஷமாகிறது, பிக்கு ஓதிய நூலை அழுக்கென்கிறாளே என்று அவள்மேலும் பாய்ந்தேன். ஓதின நூல்தான், இல்லேங்கல, மூணு வருஷத்து ஈரமும் அதுலதானே இருக்கு என்றாள்.

நீ விமானம் ஏறிய அன்று, நான் வர்ற வரைக்கும் அவுக்காதீங்கப்பா என்று கட்டிய நூல் அது. வெட்டிவிட்டேன் மகளே. எறியவில்லை, விகாரை அரசமரத்தில் கட்டியிருக்கிறேன். அம்மாவிடம் அறுந்து விழுந்தது என்றேன், காட்டிக்கொடுக்காதே.

குசுமலதா வாசலில் போய் நூலில்லாத வெறும் கையை நீட்டினேன். பார்த்தாள். என் கை நூல மிஸ்ஸி முதல் நாளே அவுக்கச் சொல்லிட்டாங்கண்ணா, நீங்கதான் பழக வரவே இல்லியே, உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்றாள். அப்போதும் எனக்குக் கோபம்தான் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. இன்று மத்தியானம் வந்தாள், முகமூடியைக் கட்டிக்கொண்டு பையை மாற்றினாள். பைக்குப் பின்னால் எழுத்துத் தெரிந்தது.

நோயில்லாமல் நீடூழி இரு மகளே. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை குசுமலதாவுக்கு ஒரு போன் போடு. அப்பா மன்னிப்புக் கேட்டார் என்று சொல். என் வாயில் இன்னும் வரவில்லை.

உன் அப்பா,
ரன்பண்டா