என் வாக்கியத்தை வெட்ட நீங்க யாரு?

என் பிரியமுள்ள சேகர்,

நீங்கள் கண்மூடிய பிறகு நான் வடிவமைத்த முதல் பயனர் கையேடு போன வாரம் அச்சாகி வந்தது. நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனாலும் என்னோடு மல்லுக்கட்ட ஆளில்லாமல் வந்த கையேடு அது.

கோரமங்களா ஆபீசில் நமக்குள் நடந்த முதல் சண்டை ஞாபகம் இருக்கிறதா? மருந்துக்கடைகளுக்கான சாஃப்ட்வேர். நீங்கள் கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் வந்து கையேடு எழுதினீர்கள். நான் ஸ்ரீராம்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து அதைப் பக்கங்களாக்கினேன். ஒரு பக்கம் திரையின் படம், பக்கத்தில் சின்னச் சின்ன வரிகள், சுற்றிலும் தாராளமாக வெற்றிடம் என்பது என் திட்டம். நீங்களோ இடம் விடாமல் எழுதித் தந்தீர்கள். பாதியை வெட்டினேன். தாளும் கையுமாக என் மேஜைக்கு வந்துவிட்டீர்கள்.

“என் வாக்கியத்த வெட்ட நீங்க யாருங்க?”

“படிக்கப் போறவங்க பக்கம் நிக்கிற ஆளு.”

“வெறும் வெள்ளைத் தாள வச்சு அவங்க என்ன படிப்பாங்க?”

அந்த வாரம்தான் ரிசப்ஷனில் சேர்ந்திருந்த கன்னடப் பெண் லலிதாவிடம் இரண்டையும் கொடுத்துப் பார்த்தோம். உங்கள் பக்கத்தை வைத்துக்கொண்டு, விட்ட இடத்தைத் தேடித் தேடியே களைத்துப்போனாள். என் பக்கத்தைப் பார்த்து மளமளவென்று செய்தாள். நான் உங்களைப் பார்த்துச் சிரிக்க வாயெடுத்த நேரத்தில், “அய்யோ, எல்லா ஹோய்து மேடம்!” என்றாள். அவள் பதிந்ததெல்லாம் அழிந்துவிட்டது. வெளியே வருமுன் சேவ் செய்யச் சொன்ன உங்கள் வரியும் என் வெட்டில் போயிருந்தது.

நீங்கள் சிரிக்கவில்லை. “அந்த ஒரு வரிய மட்டும் திரும்ப வச்சிடலாமா? மத்தத நானே குறைச்சுத் தரேன்” என்றீர்கள். அதைக் கட்டம் கட்டி, கண்ணில் படும்படி வைத்தேன். கட்டினால் இவரைத்தான் என்று அன்றைக்கே தோன்றியதை உங்களிடம் எப்போதாவது சொன்னேனா?

நாங்கள் நன்றாக இருக்கிறோம். பள்ளிக்கூட ப்ராஜெக்டில் படத்தை ஒட்டும்போது வித்யா என்னைப் போலச் சுற்றிலும் இடம் விடுகிறாள். எழுத உட்கார்ந்தால் மட்டும் அப்படியே அப்பா.

உங்கள் இடத்தில் இப்போது பிரகாஷ் என்று ஒருவர் எழுதுகிறார். எதை வெட்டினாலும் “சரி மேடம்” என்பார். நேற்று பொறுக்க முடியாமல், “ஏன் பிரகாஷ், ஒரு வரிக்காவது சண்டை போட மாட்டீங்களா?” என்று கேட்டுவிட்டேன்.

“போடலாமா மேடம்? அப்போ அந்த மூணாவது வரி எனக்கு வேணும்.”

மத்தியானம் வரைக்கும் வாதாடினோம். அவர்தான் ஜெயித்தார். வீட்டுக்கு வரும்வரை எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

இனி எழுதியவரோடு ஒரு தடவையாவது சண்டை போடாமல் எந்த வரியையும் வெட்ட மாட்டேன். சத்தியம்.

என்றும் உங்கள் மனைவி,
மாலதி